கேப்டன் மொரிதா ஓட்டிய பஸ்

பஸ் ஓட்டுகிறவனுக்கு முதுகு வலிக்காமலிருக்க ஒரே வழி நிமிர்ந்து உட்கார்வதுதான். உங்கள் நாற்காலி கொஞ்சம் பின்னால் சாய்கிறது, சார்ஜன். இப்போது தெரியாது. என் வயதுக்கு வரும்போது தெரியும்.

மருதம்மாள் அக்கா போலீசில் கொடுத்த ரிப்போர்ட்டில் இருப்பது பெரும்பாலும் சரிதான். கோபத்தில் ஓரிரு இடங்களில் கூட்டிச் சொல்லியிருக்கிறார். ‘ஆள் கடத்தல்’ என்ற சொல் எனக்கு மனவருத்தம் தந்தது. மற்றபடி நான் எதையும் மறைக்கப் போவதில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னால், என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று உங்களுக்கே தோன்றும்.

என் பெயர் சுகுமாரன். புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கூலிம் ஹைடெக் பூங்காவுக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் பஸ் என்னுடையது. அந்தப் பஸ்ஸில் என்னைத் தவிர எல்லோரும் உத்தரவு போடுவார்கள். “அண்ணே, ஏர்கோன கூட்டுங்க.” “அண்ணே, குளிருது லா, கொறைங்க.” “அண்ணே, இந்தப் பாட்டு வேணாம்.” நானும் கூட்டுவேன், குறைப்பேன், பாட்டை மாற்றுவேன். இறங்கும்போது யாராவது ‘வரேன்ணே’ என்று ஒரு வார்த்தை சொல்வார்களா என்றால், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

குருணில் கல்யாண வீடியோ எடுக்கும் லோகேஸ்வரனை உங்களுக்குத் தெரியும். உங்கள் தங்கை கல்யாணத்துக்கும் அவர்தான் எடுத்ததாகக் கேள்வி. அவருக்கு ஒரு படம் எடுக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்களே, அந்தக் கதை. போனவர்களில் பலர் திரும்பவில்லை. லோகேஸ்வரனுடைய தாத்தாவின் அப்பா ராமையாவும் திரும்பவில்லை. படத்தில், தோட்டத்து ஆட்களை ரயிலேற்றி அனுப்பிய கேப்டன் மொரிதா என்பவனைப் போர் முடிந்ததும் பிடித்து, குருணில் நீதிமன்றம் கூட்டி, சாட்சிகளை விசாரித்துத் தூக்கில் போடுவார்கள். மொரிதா கற்பனை ஆள். ராமையா கற்பனை இல்லை.

மொரிதாவாக நடிக்க என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் என் நடிப்பு அல்ல. சிரிக்காமல் கத்தத் தெரிந்த ஆள் வேறு கிடைக்கவில்லை. ஜப்பானிய மொழி யாருக்கும் வராததால் கேப்டன் மலாயில் பேசட்டும் என்று முடிவாயிற்று. உடுப்பைக் குருண் தையற்காரர் தைத்துக் கொடுத்தார். வாளுக்குத்தான் சிரமப்பட்டோம். கடைசியில் முனீஸ்வரர் கோயில் வாளைக் கேட்டு வாங்கினோம். நுனியில் எலுமிச்சம்பழம் குத்தாமல் அதை வெளியே எடுக்கக் கூடாது என்று பூசாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகையால் படம் முழுக்கக் கேப்டன் மொரிதா வாளை உருவும்போதெல்லாம் நுனியில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். நேரில் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது.

முதல் நாள் படப்பிடிப்பில் எனக்கு ஒரே ஒரு சொல்தான் வசனம். “டூடோக்.” உட்கார் என்று அர்த்தம். நான் சொன்னேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே எண்பது பேர் ஒரே நேரத்தில் குந்தினார்கள். என் பஸ்ஸில் ஏர்கோனைக் கூட்டச் சொல்கிறவர்கள், குறைக்கச் சொல்கிறவர்கள், எல்லோரும் குந்தினார்கள். சார்ஜன், அந்த நிமிஷத்தில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அன்று இரவு சோறு வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு சில சிறு மாற்றங்கள் செய்துகொண்டேன். பூட்ஸை வீட்டிலும் கழற்றுவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் வீட்டிலுள்ளவர்கள் தட்டோடு வரிசையில் நின்று வாங்கிக்கொண்டால் ஒழுங்காக இருக்கும் என்று சொன்னேன். என் மனைவி பிரேமாவதி அகப்பையை என் கையில் கொடுத்து, “அப்ப நீங்களே ஆக்கி, நீங்களே வரிசையில நின்னு வாங்கிக்கிங்க” என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் இடுப்பை வளைத்து வணக்கம் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிப் பார்த்தேன். ஒத்திகை என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் சொன்னார்கள். மருதம்மாள் அக்காவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் வளைந்தார்.

மருதம்மாள் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூலிமில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை செய்கிறார். படத்தில் புருஷனைப் பறிகொடுத்த பெண்ணாக, முதல் சாட்சியாக வருகிறார். இரண்டாவது சாட்சி, முன்பு ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு இப்போது தொழிற்சாலை வேலைக்குப் போகும் சின்னையா. அவர்களோடு இன்னும் ஆறு பேர். எட்டுப் பேருமே தினசரி என் பஸ்ஸில் வருகிறவர்கள்தான்.

சாட்சி சொல்வது எப்படி என்று எல்லோரும் தெரிந்துகொள்வதற்காக, லோகேஸ்வரன் வெள்ளிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் படம் போட்டுக் காட்டினார். போர்க் குற்றவாளிகளைத் தேடிப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துகிற வெள்ளைக்காரப் படங்கள். கீழே ஓடும் எழுத்தை அவரே உரக்கத் தமிழில் படிப்பார். மருதம்மாள் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “இவனுங்களுக்கு இன்னும் சோறு போட்டு வெச்சிருக்கானுங்களா” என்று கேட்பார். எல்லோரும் சாட்சிகளைப் பார்த்து அழுதார்கள். நான் குற்றவாளிகளைப் பார்த்தேன். எந்தப் படத்திலும் அவர்கள்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மரியாதையாகப் பேசுகிறார்கள். ஒருவர் சொன்னார்: நான் யாரையும் கொல்லவில்லை, ரயில்களை மட்டும்தான் ஏற்பாடு செய்தேன். எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஏற்றி இறக்குகிற தொழிலில் இருப்பவனுக்குத்தான் அந்த வேதனை புரியும். ஏறியவர்களுக்கு இறங்கின இடத்தில் என்ன ஆகிறது என்பதற்கு வண்டிக்காரன் எப்படிப் பொறுப்பாவான்?

அதே படங்களிலிருந்து இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். சாட்சி இல்லாவிட்டால் வழக்கு நிற்காது.

ஆனால் முதலில் நான் நேர்வழியில்தான் போனேன். லோகேஸ்வரனைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போய், மொரிதாவைத் தூக்கில் போடாமல் விட்டால் என்ன என்று கேட்டேன். அவன் தப்பித்து, மனம் திருந்தி, குருணில் ஒரு சைக்கிள் கடை வைக்கலாம். ஜனங்கள் அவனுக்கு மரியாதை கொடுக்கலாம். இரண்டாம் பாகம் எடுக்கவும் வசதியாக இருக்கும்.

லோகேஸ்வரன் ரொட்டி சானாயைத் தட்டில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“அண்ணே, எங்க பூட்டன் மொகம் எப்படி இருக்கும்னு எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. போட்டோ கெடையாது, பொதச்ச எடம் கெடையாது. எந்தக் கோர்ட்லயும் அவரு பேர யாரும் சொல்லல. என் படத்துலயாவது ஒருத்தன் நின்னு பதில் சொல்லணும்ணே. அவன தூக்குல போட்டாதான் இது படம்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கல் நெஞ்சக்காரன் அல்ல. ஆனால் மொரிதா தூக்கில் தொங்கிவிட்டால் திங்கட்கிழமை நான் மறுபடியும் சுகுமாரன் ஆகிவிடுவேன். அதையும் யோசித்துப் பார்க்க வேண்டும் அல்லவா?

நீதிபதியாக நடித்தவர் எர்னஸ்ட் ஐயா. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தூங்கும்போதும் டை கட்டியிருப்பார் என்று ஊரில் பேச்சு. அவர் ஒரு நிபந்தனை போட்டார். “தீர்ப்ப முன்னாடியே எழுதிக் குடுத்தீங்கன்னா நான் நடிக்க மாட்டேன் தம்பி. நான் கேஸ கேட்பேன். அப்புறம்தான் சொல்வேன்.” லோகேஸ்வரன் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். எட்டுச் சாட்சிகள் அழுதுகொண்டே சொல்லப் போகிறார்கள், வேறு என்ன தீர்ப்பு வந்துவிடும் என்று அவருக்கு நம்பிக்கை. அந்தக் காட்சிக்குக் கல்யாண மண்டபம் அரை நாளுக்குத்தான் கிடைத்தது. ஆகவே மூன்று கேமராக்களை வைத்து, நடுவில் நிறுத்தாமல், ஒரே ஓட்டமாக எடுத்துவிடுவதென்று ஏற்பாடு.

அதற்கு முந்தின வாரம் நாங்கள் எடுத்த காட்சி ஒன்று உண்டு. கேப்டன் மொரிதா தோட்டத்து ஜனங்களிடம், பட்டணத்தில் இன்று இலவசப் படம் காட்டுகிறோம், எல்லோரும் வாருங்கள் என்று சொல்கிறான். ஜனங்கள் தலைவாரி, பூ வைத்துக்கொண்டு வருகிறார்கள். உள்ளே வந்ததும் கதவைப் பூட்டி, அப்படியே ரயிலுக்கு ஓட்டிப் போகிறான். மிக நன்றாக வந்த காட்சி. நான் கதவைச் சாத்திய விதத்தை லோகேஸ்வரனே பாராட்டினார்.

நீதிமன்றக் காட்சி வெள்ளிக்கிழமை. அன்று காலையில் எட்டுச் சாட்சிகளையும் பஸ்ஸில் ஏற்றினேன். படப்பிடிப்பு சாயங்காலத்துக்குத் தள்ளிப் போய்விட்டது, அதுவரை நீங்கள் அலோர் ஸ்டாரில் ஒரு படம் பார்க்க வேண்டும் என்று லோகேஸ்வரன் சொல்கிறார் என்றேன். போர்க் குற்றவாளி ஒருவனைப் பிடிக்கிற படம்தான், சாட்சிகள் கூண்டில் எப்படி அழுகிறார்கள் என்று கவனிக்கச் சொன்னார், டிக்கெட் இலவசம் என்றேன். அந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்டால், சொல்லத் தெரியவில்லை. திடீரென்று தோன்றியது.

சின்னையா மட்டும் சிரித்துக்கொண்டே, “என்னா சுகு, நம்ம கதையில வர்ற மாதிரியே இருக்கு. கதவ பூட்டிறாதப்பா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மருதம்மாள் அக்கா, “சும்மா இருங்க அண்ணே, நம்ம சுகு தம்பி பஸ்தான” என்று சொல்லி முன் இருக்கையில் உட்கார்ந்தார். மல்லிகைப்பூ வைத்திருந்தார். நானும் சிரித்தேன். கதவைப் பூட்டியது ஏர்கோன் வெளியே போகாமல் இருப்பதற்காகத்தான்.

படம் பார்க்கும்போது மணி அடித்தால் அசிங்கம் என்று கைப்பேசிகளை அணைத்து ஒரு பையில் வாங்கி வைத்துக்கொண்டேன். அலோர் ஸ்டாரைத் தாண்டியபோது அக்கா, “தம்பி, டவுனு போயிருச்சே” என்றார். புதிய தியேட்டர் இன்னும் கொஞ்சம் வடக்கே இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நான் ஓட்டினால் நன்றாகத் தூக்கம் வரும், குலுங்காது.

பாடாங் பெசாரில் நிறுத்தினேன். தாய்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கம் போகவில்லை. நான் சட்டத்தை மதிக்கிறவன். சயாமைக் கண்ணால் பார்க்கலாம், அவ்வளவு பக்கத்தில் நிறுத்தினேன். அங்கே கடைகள் நிறைய. படம் தொடங்க நேரம் இருக்கிறது, ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள், நான் பஸ்ஸைத் திருப்பி நிறுத்துகிறேன் என்றேன். இறங்கினார்கள். திருப்பினேன். நிறுத்துவதுதான் விட்டுப்போயிற்று.

அவர்கள் கஷ்டப்படக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். எல்லோரிடமும் கையில் பணம் இருந்தது. சாப்பாட்டுக் கடைகள் இருந்தன. அன்று மழைகூட இல்லை. எத்தனையோ பேர் ஆசைப்பட்டுச் செலவு செய்து போகிற இடத்துக்கு இலவசமாகக் கூட்டிப் போயிருக்கிறேன். ரிப்போர்ட்டில் இதையும் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

மத்தியானம் மண்டபத்தில் நான் கூண்டில் நின்றேன். கூண்டு என்பது கல்யாண மண்டபத்தில் மொய் வாங்குகிற மேஜையை நிமிர்த்தி வைத்தது. நெஞ்சு வரைக்கும் மறைக்கும். அரசுத் தரப்பு வழக்கறிஞராக நடித்ததும் லோகேஸ்வரன்தான். கேமராக்கள் ஓடத் தொடங்கின. வழியில் நெரிசல், சாட்சிகள் பின்னால் வேனில் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் முதல் சாட்சியின் பெயரைக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. இரண்டாவது பெயரைக் கூப்பிட்டார். அதற்கும் வரவில்லை. எட்டுப் பெயர்களையும் கூப்பிட்டு முடித்தபோது அவர் குரல் இறங்கிப் போயிருந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார். நடிப்பு என்று நினைத்து ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எர்னஸ்ட் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். சாட்சி ஒருவரும் ஆஜராகாத நிலையில் இந்த நீதிமன்றம் எதிரியை, என்று தொடங்கினார். ‘விடுதலை’ என்ற சொல் அவர் உதட்டில் வந்து நின்றது. நான் நிமிர்ந்து நின்றேன். என் வாழ்க்கையில் அப்படி நிமிர்ந்ததில்லை.

அப்போதுதான் என் சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. இரண்டு முறை அணைத்தேன். மூன்றாவது முறையும் வந்தது. தொழிற்சாலை ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கும் என்று நினைத்து, மேஜைக்குப் பின்னால் தலையைத் தாழ்த்தி, உள்ளங்கையில் கைப்பேசியை மறைத்து முகத்தோடு வைத்துக்கொண்டேன்.

“சுகு தம்பியா? மருதம்மா அக்கா பேசுறேன்பா. கடக்காரர்கிட்ட போன் வாங்கிப் பேசுறேன். பஸ்ஸ எங்கப்பா நிப்பாட்டியிருக்க? தேடித் தேடி காலு வீங்கிப்போச்சு.”

இந்தக் காலத்தில் யாருக்கும் யாருடைய எண்ணும் மனப்பாடமாக இல்லை, சார்ஜன். பெற்ற பிள்ளையின் எண்ணே தெரியாது. எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே ஓர் எண்தான் தெரிந்திருக்கிறது. என்னுடையது. விடியற்காலையில் பஸ் எங்கே வருகிறது என்று தினமும் கூப்பிட்டுக் கேட்கிறவர் அக்கா. நான் அதை எதிர்பார்க்கவில்லை.

ராங் நம்பர் என்று சொல்லிவிட நினைத்தேன். கேப்டன் உடுப்பில் இருந்ததால் வாயில் மலாய்தான் வந்தது. “சாலா” என்றேன். “என்னாப்பா, நான்தான், அக்கா” என்றார். “சாலா, சாலா” என்றேன்.

மலாயில் சாலா என்றால் தவறு என்று உங்களுக்குத் தெரியும். குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் சொல்கிற சொல்லும் அதுதான் என்பது உங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நான் அந்த நேரத்தில் அதை யோசிக்கவில்லை. தலை நிமிர்ந்து பார்த்தபோது மண்டபம் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எர்னஸ்ட் ஐயாவுக்கு மேஜைக்குப் பின்னால் இருந்த கைப்பேசி தெரியவில்லை. அவர் பார்த்ததெல்லாம், எதிரி தலை குனிந்து, முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு, சாலா, சாலா என்று முணுமுணுத்ததைத்தான். அந்தச் சொல்லைக் காலமெல்லாம் மொழிபெயர்த்தவர் அவர். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“எதிரி தானாகவே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். இனிச் சாட்சி தேவையில்லை” என்றார். தூக்குத் தண்டனை விதித்துவிட்டு மேஜையை ஒரு தட்டுத் தட்டினார்.

நான் மறுப்புச் சொல்ல வாயைத் திறந்தேன். என்ன என்று சொல்வது? நான் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, கடத்தி வைத்திருக்கும் சாட்சியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியுமா? ஒரு நிரபராதியைத் தூக்கிலிடுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

தூக்குக் காட்சிக்கு மேடையைத் தயார் செய்யவே சாயங்காலம் ஆகிவிட்டது. கயிறு கட்டி, என்னை ஸ்டூலில் ஏற்றிக்கொண்டிருந்தபோது வாசல் கதவு திறந்தது. எட்டுப் பேரும் நின்றார்கள். பாடாங் பெசாரில் கொம்யூட்டர் ரயில் ஏறி, குருண் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கிறார்கள். அங்கே மலிவாகக் கிடைத்த போர்வைகளை வாங்கி மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்திருந்தார்கள். சின்னையா செருப்பைக் கையில் பிடித்திருந்தார். அக்காவின் மல்லிகைப்பூ வாடித் தொங்கியது.

லோகேஸ்வரன் கேமராவை என்னிடமிருந்து வாசலுக்குத் திருப்பினார். அவர்கள் நடுவழியாக நடந்து வரும் வரைக்கும் எடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். “சயாமுக்குப் போனவங்க ரயில்ல திரும்பி வந்துட்டாங்கடா” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். படத்துக்கு இப்போது அதுதான் கடைசிக் காட்சி. எடிட்டிங்கில் பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் புகழ்கிறார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது யார் என்று ஒருவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நன்றிப் பட்டியலிலும் என் பெயர் இல்லை.

மருதம்மாள் அக்கா மேடைக்கு வந்தார். நான் ஸ்டூலின் மேல், கழுத்தில் கயிற்றோடு நின்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

“பேர சொன்னேனேப்பா” என்றார். “மருதம்மா அக்கான்னு சொன்னேனே. கொரல் தெரியலயா?”

தெரிந்தது, சார்ஜன். முதல் வார்த்தையிலேயே தெரிந்தது. நீங்கள் கேட்பதற்கு முன்பே அதையும் சொல்லிவிடுகிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

யார் சொல்லிச் செய்தாய் என்று சற்றுமுன் கேட்டீர்கள். யாரும் சொல்லவில்லை. மொரிதாவுக்காவது மேலே ஒரு கர்னல் இருந்தான். எனக்கு மேலே ஏர்கோன் மட்டும்தான் இருந்தது. நானே யோசித்து, நானே ஏற்றி, நானே இறக்கி, நானே திரும்பி வந்தேன். இதனால் கேப்டனையும் என்னையும் ஒன்றாகப் பேசுவது சரியல்ல. அவன் செய்தது போர்க் குற்றம். இங்கே போர் ஒன்றும் நடக்கவில்லையே.

இப்போது யாரும் என் பஸ்ஸில் ஏறுவதில்லை. எல்லோரும் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். அக்கா சின்னையாவின் பின்னால் உட்கார்ந்து போகிறார், மழையில்கூட. எனக்கு வருத்தம்தான். ஆனாலும் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், வருகிற வெள்ளிக்கிழமை படம் திரையிடும்போது தோட்டத்து ஜனங்களை நானே கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். கதவைத் திறக்காமலே வேண்டாம் என்கிறார்கள். நம் ஜனங்களுக்குக் கலையில் ஆர்வம் குறைந்துவிட்டது.

நீங்கள் கட்டாயம் குடும்பத்தோடு வர வேண்டும், சார்ஜன். நான் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்கிறேன். படமும் இலவசம், பஸ்ஸும் இலவசம். ஏறும்போது கைப்பேசியை மட்டும் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.